மலையில் வேலை, கையில் வண்ணத்திரை: யாருக்கு இது?

ஒரு வாசகர் கேட்டது:

"தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு வண்ணத்திரை வைத்த கைக்கணினி எதற்கு? கறுப்பு வெள்ளைத் திரை கண்ணுக்கும் நல்லது, பெட்டரிக்கும் நல்லது. அதைவிட நல்லது ஒரு கொப்பியும் பேனையும். கொப்பி நனைந்தால் அடுப்படியில் காய வைக்கலாம். இதைக் காய வைக்க முடியுமா? வைத்திருக்கிறவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், பகட்டுக்காகத்தானே?"

2005 நவம்பர் 19

பகட்டும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன். ஆனால் பகட்டுக்காக மட்டும் ஒரு சாமானைத் தினமும் மலை ஏறி இறங்கத் தூக்கிக்கொண்டு திரிய யாராலும் முடியாது. ஒரு மாதத்தில் அலுமாரிக்குள் போய்விடும்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகம் எனக்கு. சனம் இன்னும் கண்டக்கையா என்றுதான் கூப்பிடுகிறது. காலையில் பிரட்டுக் களத்தில் ஆள் பிரித்து அனுப்புவதில் தொடங்கி, சாயந்திரம் கடைசிக் கொழுந்தை நிறுத்து லொறி ஏற்றுகிற வரை நின்றபடியேதான் வேலை. மேசை ஒபிசில் இருக்கிறது, நான் அங்கே இருப்பதில்லை.

வைத்திருப்பது பாம் (Palm) எம்505, உள்ளங்கையில் அடங்குகிற, குச்சியால் எழுதுகிற கைக்கணினி. 2001இல் வந்த மொடல், வந்தபோது அமெரிக்காவில் 449 டொலர். நான் வாங்கியது கொழும்பு யூனிட்டி பிளாசாவில், ஒருவர் பாவித்துவிட்டுக் கொடுத்தது, தோல் உறையோடு. 8 எம்பி நினைவகம், 160க்கு 160 புள்ளித் திரை, அறுபத்தையாயிரம் சொச்சம் நிறம். அத்தனை நிறத்திலும் கொழுந்துப் பச்சை மட்டும் சரியாக வரவில்லை என்பது என் குறை.

என்ன செய்கிறேன் என்றால், எந்த மலையில் கடைசியாகக் கொழுந்து எடுத்தோம், அடுத்த சுற்று என்றைக்கு, உரம் எப்போது போட்டது, மருந்தடிப்பு எப்போது, துரை என்ன சொன்னார், ஸ்டோரிலிருந்து (எங்கள் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை) என்ன கேட்டார்கள், யாருக்கு முன்பணம், யார் வீட்டில் கலியாணம். நாட்குறிப்பில் 'ஒவ்வொரு 8 நாளுக்கும்' என்று போட்டுவிட்டால் மலை தன் முறைக்குத் தானே வந்து நிற்கும். வறட்சியில் சுற்று நீளும், மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தால் குறையும். அப்போது கையால் நகர்த்திவிடுகிறேன். கவ்வாத்து, அதாவது செடியை வெட்டிவிடுகிற சுற்று, நான்கைந்து வருஷம் தள்ளி வரும், அதையும் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கருவியின் நாள்காட்டி 2031 முடியும் வரை போகிறது. அதற்குள் இதுவோ நானோ பென்சன்.

கொப்பி விஷயம்: என்னிடம் கொப்பியும் இருக்கிறது. கைக்கணினி வந்த பிறகும் இருக்கிறது. அது ஏன் என்று வேறொரு நாள் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமான கதை.

2005 நவம்பர் 27

கறுப்பு வெள்ளையா வண்ணமா என்று கேட்டவருக்கு. அதைவிடப் பெரிய கேள்வி, திரைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

எங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கிற நண்பரிடம் பாம் 3சி இருக்கிறது. 2000இல் வந்தது, பாம் வரிசையில் முதல் வண்ணத்திரை அதுதான். 256 நிறம். பின்னாலிருந்து விளக்கு அடிக்கிற திரை. அவருடைய அறைக்குள் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், என்னுடையது வெட்கப்பட வேண்டும். அதை வாசலுக்கு எடுத்து வாருங்கள், பத்து மணி வெயிலில் திரையில் ஒன்றுமே தெரியாது. கையால் குடை பிடித்து உற்றுப் பார்க்க வேண்டும்.

எம்505 நேர்மாறு. வெளியிலிருந்து விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் அது தன்னைக் காட்டுகிறது. வெயிலில் துல்லியம். லயத்து அறையில் மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் மங்கிப்போய், யாரோ திரையில் தேத்தண்ணி ஊற்றித் துடைத்த மாதிரி இருக்கும். 2002இல் வந்த எம்515இல் இந்தக் குறையைச் சரிசெய்தார்கள், நினைவகத்தையும் 16 எம்பி ஆக்கினார்கள். கிடைத்தால் அதை வாங்குங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சோதனை இங்கே உண்டு, அதைக் கொழும்புக்காரர்கள் எழுதுகிற விமர்சனங்களில் பார்க்க முடியாது. மூடுபனி. வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் எம்505 பாதிதான் தெரியும். பவர் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் விளக்கு எரியும். அது போட்டால் தெரிகிறது, ஆனால் பெட்டரி குடிக்கும். மாசி, பங்குனியில் பிரச்சினையே இல்லை. ஆனி, ஆடியில் விளக்கு இல்லாமல் முடியாது.

2005 டிசம்பர் 3

திரைக்குக் கீழே குச்சியால் எழுதுகிற இடத்தில் கீறல் விழுகிறது என்று ஒருவர். கடையில் விற்கிற ஒளி ஊடுருவும் செலோடேப்பில் மங்கலான வகை ஒன்று இருக்கிறது, பளபளப்பு இல்லாதது. அதைக் கீழே எழுதுகிற பகுதிக்கு மட்டும் அளவாக வெட்டி ஒட்டுங்கள். குச்சி வழுக்காமல் காகிதத்தில் எழுதுகிற சுகம் வரும். தேய்ந்தால் உரித்துப் புதிதாக ஒட்டலாம். முழுத் திரைக்கும் ஒட்டாதீர்கள், மங்கிவிடும்.

2005 டிசம்பர் 11

"காய வைக்க முடியுமா?" என்ற கேள்விக்கு இப்போதுதான் ஒழுங்கான பதில். நனைய விடத் தேவையே இல்லை.

பஞ்சு மிட்டாய் சுற்றி விற்கிற தடிப்பில் ஒரு பொலித்தீன் பை. கருவியை உள்ளே போட்டு வாயை மடித்து ஒரு ரப்பர் வளையம். அவ்வளவுதான். இந்தத் திரை அழுத்தத்துக்கு வேலை செய்கிறது. மேலே ஒரு மெல்லிய படலம், கீழே ஒன்று, அழுத்துகிற இடத்தில் இரண்டும் தொடும். ஆகவே பொலித்தீனுக்கு மேலிருந்தே குச்சியால் எழுதலாம், நகத்தாலும் தட்டலாம். மழைக் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு அடை மழையில் எழுதியிருக்கிறேன். பையின் மேல் தண்ணீர் வழிகிறது, உள்ளே எழுத்து விழுகிறது. கொப்பியால் இது முடியாது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தின் குளிரிலிருந்து, ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற சூடான மாடிக்கு நேரே போனால் பைக்குள் வியர்க்கும். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு ஐந்து நிமிஷம் திறந்து வையுங்கள்.

அட்டை ஏறுமா என்று கேட்டவருக்கு: கருவியில் ஏறாது. பார்த்துக்கொண்டே நிற்கிற உங்கள் மேல் ஏறும்.

2005 டிசம்பர் 14

'வண்ணம் எதற்கு' என்பதற்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று கேட்டவரே பிடித்துவிட்டார். சரி.

கருவியோடு வருகிற நாட்குறிப்பில் வண்ணத்தால் பெரிய பிரயோசனம் இல்லை. டேட்புக் என்ற செயலியைப் போட்டால்தான் அதன் அருமை தெரியும். ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். எனக்குக் கொழுந்து பச்சை, உரம் மண்ணிறம், மருந்தடிப்பு சிவப்பு. மருந்தடித்த மலையில் குறித்த நாட்கள் போகாமல் கொழுந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் மருந்து தேயிலையோடு போய்விடும். எங்கள் டிவிஷனில் பக்கத்துப் பக்கத்து மலைகள், நம்பரும் பக்கத்துப் பக்கம். காலை இருட்டில், நூறு பேர் முன்னால் நிற்க, மழை தூற, 'நாலா, அஞ்சா' என்று வாசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த வாரக் கட்டத்தில் சிவப்பு இருந்தால் அந்தப் பக்கம் ஆள் போகாது. கறுப்பு வெள்ளையில் அது ஒரு வரி எழுத்து, வாசித்தால்தான் தெரியும்.

எனக்கு வண்ணம் அந்த ஒரு சிவப்புக்காக. மற்றதெல்லாம் கொசுறு.

2005 டிசம்பர் 15

டேட்புக் காசா என்று கேட்டவருக்கு: ஆம், காசு கொடுத்து வாங்குகிற செயலிதான். அந்தக் காசு அமெரிக்காவில் கொரில்லாக்களைப் பராமரிக்கிற ஓர் இடத்துக்குப் போகிறதாம். நம்மூர்க் குரங்குகள் மரக்கறித் தோட்டத்தைத் தாங்களே பராமரித்துக்கொள்கின்றன.

2006 ஜனவரி 8

கொப்பிக் கதை.

கருவி வந்த புதிதில் எல்லாவற்றையும் இதில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை. ஆள் பேர், நம்பர், காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை, மொத்தம். டொக்குமென்ட்ஸ் டு கோ என்ற செயலியில் அட்டவணை போட்டு, தட்டினால் கூட்டுத்தொகை வருகிற மாதிரி அமைத்தேன். பார்க்க அழகு. ஒபிசுக்குப் போய், கணினியோடு இணைத்த தாங்கியில் வைத்துப் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் கணினிக்குள் போய்விடும். கிளாக்கருக்குப் பாதி வேலை மிச்சம்.

மடுவத்தில் தராசைக் கட்டி நிறுக்கத் தொடங்கினோம். கணக்கப்பிள்ளை கிலோவைச் சொல்கிறார், நான் தட்டுகிறேன். வரிசையில் வந்த ஓர் ஆயி கூடையைக் கொட்டிவிட்டு நகரவில்லை.

"எத்தன ஐயா?"

"பதினொன்னு ஆயி."

"எங்க எழுதுனீங்க?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். பதினொன்று தெளிவாகத்தான் நின்றது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கொப்பில அழிச்சா தடம் இருக்கும். இதுல அழிச்சா?"

பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை. எல்லாரும் என் பதிலுக்குத்தான் நின்றார்கள். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் கேட்டது சரி. பதினொன்றை ஒன்பது ஆக்க எனக்கு ஒரு தட்டுப் போதும், எந்தத் தடமும் இருக்காது. நான் செய்ய மாட்டேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? ஈரத்துக்கு என்று கழித்து, சாக்குக்கு என்று கழித்து, கிலோ குறைந்த கதை இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. போட்ட கிலோ வராவிட்டால் அரைப் பேர். அரை நாள் சம்பளம் போகிற இடத்தில் அவருக்கு வாசிக்கத் தெரியாத ஒரு பெட்டியை நடுவில் கொண்டுவந்து வைத்தது நான்.

அன்றைக்கே கொப்பிக்குத் திரும்பினோம். கார்பன் தாள் வைத்து எழுதுகிறோம், துண்டு அவர் கையில். சாயந்திரம் மலைவாரியான மொத்தத்தை மட்டும் கருவியில் போடுகிறேன். அது எனக்கும் துரைக்கும் தேவையான கணக்கு. ஆள்வாரிக் கணக்கு அதற்குள் போவதில்லை.

ஆகவே முதல் கேள்வி கேட்டவருக்கு: கொப்பியும் பேனையும் வேண்டும், ஆனால் எனக்காக அல்ல.

2006 ஜனவரி 12

'இது பழைய காலத்துப் பேச்சு, எல்லாம் கணினிக்குப் போகத்தான் போகிறது' என்று ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். போகட்டும். மின்தராசு வரட்டும், நிறுத்த கையோடு கிலோவை அச்சடித்து ஒரு துண்டு அவர் கையில் விழட்டும், நான் முதல் ஆளாகக் கொப்பியை அடுப்பில் போடுகிறேன். துண்டு இல்லாத கணினி வேண்டாம்.

2006 ஜனவரி 29

பொங்கல் கழிந்து பண்டாரவளையில் உறவில் ஒரு சாவு. அவசரத்தில் கிளம்பியதில் தாங்கியும் சார்ஜரும் வீட்டில். அங்கே எட்டுச் சடங்கு வரை நின்று திரும்பியபோது கருவி கண் திறக்கவில்லை. சார்ஜில் போட்டால் வரவேற்புத் திரை. 'இந்தச் சிலுவையின் நடுவில் தட்டுங்கள்' என்று புதுச் சாமான் கேட்கிற கேள்வியைக் கேட்கிறது. அந்தச் சிலுவையைப் பார்த்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

காரணம் சொல்கிறேன், பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. இந்த மொடல்களில் உங்கள் தரவு இருப்பது பெட்டரியின் தயவில் உயிர் வாழ்கிற நினைவகத்தில். 'சார்ஜ் குறைவு' என்று அணைந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு உள்ளே ஒரு சொட்டு மின்சாரம் அதைக் காத்துக்கொண்டிருக்கும். அதுவும் தீர்ந்தால் எல்லாம் போச்சு. புதுப் பெட்டரி என்றால் அந்த அவகாசம் தாராளம். பழைய பெட்டரியை நம்ப முடியாது.

போனது திரும்பி வந்தது. ஒபிஸ் கணினியில் ஹொட்சிங்க் (கருவியில் இருப்பதைக் கணினியில் பிரதி எடுப்பது) செய்து வைத்திருந்ததால் தாங்கியில் வைத்துப் பொத்தானை அமுக்க, பெயர்கள், திகதிகள், கவ்வாத்துச் சுற்று உட்பட ஒவ்வொன்றாக ஏறின. கிளாக்கர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "செத்தது எழும்புது" என்றார். சாவு வீட்டிலிருந்து வந்தவனிடம் சொல்கிற பேச்சா அது.

2006 ஜனவரி 31

எஸ்டி நினைவக அட்டையில் காப்புப் பிரதி எடுக்கலாமே என்று எழுதியவருக்கு நன்றி. எம்505இன் தலையில் அட்டை போடுகிற வாய் இருக்கிறது, அதை நான் இதுவரை படம் பார்க்க மட்டும் பாவித்தேன். பேக்கப்படி என்ற செயலியைப் போட்டு ராத்திரியில் தானாகக் காப்பு எடுக்க விட்டிருக்கிறேன். அட்டைக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் எழுதியது எழுதியபடி இருக்கும். கரண்ட் போய்ப் போய் வருகிற தோட்டத்தில் ஒபிஸ் கணினியை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை.

2006 பெப்ரவரி 19

கொழும்புக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு. சோதனைச் சாவடியில் 'இது என்ன' என்று கேட்டால் பிராண்டுப் பெயரைச் சொல்லாதீர்கள். டயரி என்று சொல்லுங்கள், உறையைத் திறந்து காட்டுங்கள், போதும்.

2006 ஏப்ரல் 17

நேரம் மாறியது எல்லாருக்கும் தெரியும். 15ஆம் திகதி நடுச்சாமம் 12.30ஐப் பன்னிரண்டு ஆக்கினார்கள். 1996இல் ஒரே வருஷத்தில் இரண்டு தரம் மாற்றி, கடைசியில் அரை மணி முன்னால் நின்றதை இப்போது பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். புது வருஷ லீவில் இருந்த சனம் திரும்பி வந்து, பிரட்டுக் களத்தில் பாதிப் பேர் பழைய நேரத்துக்கும் பாதிப் பேர் புது நேரத்துக்கும். கோயில் மணி மூன்றாவது நேரம்.

கைக்கணினி வைத்திருப்பவர்களுக்கு: பாமின் சொந்த நாட்குறிப்பையும் கணினியில் பாம் டெஸ்க்டொப்பையும் பாவிக்கிறவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. அதில் காலை ஆறு என்று எழுதினால் அது வெறும் ஆறு, எந்த ஊர் ஆறு என்று அது கேட்பதில்லை. கடிகாரத்தை மட்டும் அரை மணி பின்னால் வையுங்கள், அலாரம் புது ஆறுக்கு அடிக்கும்.

அவுட்லுக்கோடு இணைத்திருப்பவர்களுக்குத்தான் தலையிடி. அது எல்லாவற்றையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி உள்ளே வைத்துக்கொள்கிறது. விண்டோஸில் நேர வலயத்தை மாற்றினால் ஏற்கெனவே போட்ட அத்தனை கூட்டமும் அரை மணி நகர்ந்துவிடும், அடுத்த ஹொட்சிங்கில் அந்தக் குழப்பம் கருவிக்கும் வரும். எங்கள் ஒபிஸ் விண்டோஸ் 98இல் இலங்கைக்கு இன்னும் ஆறு மணி வலயம்தான் இருக்கிறது. இந்திய வலயத்தைத் தெரிவு செய்தோம். கணினியைப் பொறுத்தவரை தலவாக்கலை இப்போது கல்கத்தாப் பக்கம்.

ஒன்று நல்லது. போன மாதம் வரை பிரட்டுக்கு மணி அடிக்கிற நேரத்தில் முகம் தெரியாது. இப்போது ஆறு மணிக்கே வெளிச்சம். திரைக்கு விளக்குப் போடாமல் ஆள் பிரிக்கிறேன், பெட்டரி மிச்சம். அந்திக் கொழுந்து நிறுக்கிறபோது அந்த அரை மணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு.

2006 ஜூலை 2

பாமின் டங்ஸ்டன் ஈ மொடல் வாங்கியவர், ஆங்கில 'டீ' (T) எழுத்துக்கு இரண்டு கோடு போட வேண்டியிருக்கிறதே, உங்களுடையதில் ஒன்றுதானே என்று கேட்டிருந்தார். எம்505இல் இருப்பது பழைய கிராஃபிட்டி என்கிற எழுத்துமுறை. மேலே ஒரு கோடு இழுத்துக் கையை எடுக்காமல் கீழே மடக்கினால் டீ. நடுக்கோடு இல்லாமல் கூராக ஏறி இறங்கினால் ஏ (A). ஒவ்வொரு எழுத்தும் ஒரே இழுப்பு. அதில்தான் வழக்கு. ஒரே இழுப்பில் எழுதுகிற முறைக்குக் காப்புரிமை தன்னிடம் இருக்கிறது என்று ஸெரொக்ஸ் 1997இல் வழக்குப் போட்டது. 2003இல் பாம் கிராஃபிட்டி 2க்கு மாறியது, டீக்கும் ஐக்கும் கேக்கும் இரண்டு கோடு வந்தது. இப்போது 22.5 மில்லியன் டொலருக்குச் சமரசமாம். காசு அவர்களுக்கு, கூடுதல் கோடு உங்களுக்கு.

பழகிவிடுங்கள், வேறு வழியில்லை. எனக்குக் கைப்பழக்கம் எந்த அளவுக்கு என்றால், செக்ரோல் (ஆள் வரவுப் பதிவு) கொப்பியிலும் ஏக்கு நடுக்கோடு விடுபட்டுப்போகிறது. கிளாக்கர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு அனுப்புகிறார்.

தமிழில் எழுத முடியுமா என்பதற்கும் சேர்த்து: என் கருவியில் முடியவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைக்கிறேன். எனக்கு மட்டும் விளங்கினால் போதும் என்கிற குறிப்புகள்தானே.

2006 ஜூலை 23

ஆடி மழை. கை விறைத்துப்போகிறது, குச்சியைப் பிடிக்க முடியவில்லை. டிசம்பரில் பொலித்தீன் பையைப் புகழ்ந்து எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எழுதியது அத்தனையும் உண்மை, ஆனால் அது டிசம்பர் மழை. எங்கள் பக்கத்து மழை இதுதான். பையின் மேல் தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடும்போது துளி விழுகிற அழுத்தத்துக்குத் திரை ஒன்றும் செய்யாது. பை திரையோடு ஒட்டிச் சுருங்குகிற மடிப்புத்தான் குச்சியை இழுத்து எழுத்தைக் கெடுக்கிறது. இப்படியான நாட்களில் நான் எழுதுவதில்லை. முன்கூட்டியே செய்ய வேண்டியவைப் பட்டியலாகப் போட்டு வைத்து, முடிந்ததற்கு நகத்தால் ஒரு தட்டு. கட்டத்தில் சரி விழும். எழுத்து எல்லாம் மடுவத்துக் கூரைக்குக் கீழே.

மலைக்குக் கிழக்கே ஊவாப் பக்கம் இருக்கிறவர்கள் சிரிக்கலாம், இப்போது உங்களுக்கு நல்ல காலம், நல்ல தேயிலை. மார்கழியில் பார்ப்போம்.

2006 செப்டெம்பர் 10

என்ன வாங்கலாம் என்று மூன்று பேர். சேர்த்தே சொல்கிறேன்.

போன வருஷக் கடைசியில் வந்த பாம் இசட்22 மலிவு, அமெரிக்காவில் 99 டொலர். வண்ணத்திரை, ஆனால் என்னுடையதைப் போல 160க்கு 160தான். அட்டை போட வாய் இல்லை. ஆனாலும் ஒரு காரணத்துக்காக நான் அதைச் சொல்லுவேன்: பெட்டரி செத்தாலும் உள்ளே இருப்பது அழியாது. ஜனவரியில் எனக்கு நடந்தது அதில் நடக்காது. பெயர், திகதி, வேலைப் பட்டியல், இவ்வளவுதான் வேண்டும் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

டங்ஸ்டன் ஈ2வும் அப்படியே, தரவு அழியாது, 320க்கு 320 திரை, அட்டையும் போடலாம். கேட்டவர்களில் ஆசிரியராக இருக்கிற தம்பிக்கு அதுதான் பொருத்தம், அட்டவணை எல்லாம் பார்க்க வசதி. பழைய ஈயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார்கள். பழைய ஈ பெட்டரி தீர்ந்தால் துடைத்துவிடும்.

பாம் டிஎக்ஸ் பெரிய திரை, வைஃபை எல்லாம் உண்டு. தோட்டத்தில் வைஃபையைப் பிடிப்பதற்கு எதைப் பிடிப்பது? கையடக்கத் தொலைபேசிக்கே ஒரு கோடு சிக்னல் வேண்டி கோயில் மேட்டுக்கு ஏறுகிறோம்.

பாவித்த சாமான் வாங்கினால் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். வெளியே வெயிலுக்குக் கொண்டுபோங்கள், திரை தெரிகிறதா. திரையின் நான்கு மூலையிலும் தட்டுங்கள், தட்டிய இடத்தில்தான் பிடிக்கிறதா. பிறகு பெட்டரி அளவைப் பார்த்து, விளக்கைப் போட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். திரும்ப வரும்போது அளவு விழுந்திருந்தால் காசை வெளியே எடுக்காதீர்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள், பெட்டரியைப் பாருங்கள்.

2006 செப்டெம்பர் 11

இல்லை, என்னுடையதை விற்கவில்லை.

2006 டிசம்பர் 10

அடுத்த வருஷப் போயா (பௌர்ணமி விடுமுறை) திகதிகள்.

இந்தக் கருவி ஒவ்வொரு எட்டாம் நாள் என்றால் கேட்கும், மாதத்தின் இரண்டாம் செவ்வாய் என்றாலும் கேட்கும். பௌர்ணமி என்றால் அதற்குத் தெரியாது. கலண்டரைப் பார்த்துக் கையால்தான் போட வேண்டும். 2007இல் 13 வருகிறது. போயாவன்று வேலை வைத்தால் ஒன்றரைச் சம்பளம், ஆகவே சுற்றுப் போடுகிறபோதே அந்த நாட்கள் கண்ணில் பட வேண்டும். போயாவன்று தவறணை (மதுக்கடை) பூட்டு, முந்தின நாளே அங்கே கூட்டம் இருக்கும் என்பதால் மறுநாள் பிரட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கும் உண்டு. எனக்கு போயா ஊதா நிறம்.

பட்டியலை நான் போட்டு முடித்துவிட்டேன். வேண்டியவர்களுக்கு அகச்சிவப்பில் அனுப்பலாம், ஒரு மீற்றருக்குள் இரண்டு கருவியையும் முகம் பார்க்கப் பிடித்தால் சரி. ஒரு சிக்கல்: கருவியோடு வருகிற நாட்குறிப்பிலிருந்து ஒரு தடவைக்கு ஒரு நிகழ்வைத்தான் அனுப்ப முடியும். 13 தரம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் அதே திகதிகளைச் செய்ய வேண்டியவைப் பட்டியலில் 'போயா' என்று ஒரு வகை வைத்துப் போட்டிருக்கிறேன். அங்கே வகையை மொத்தமாக அனுப்பலாம், சில விநாடி வேலை. 3சி, எம்505, டங்ஸ்டன், எது வைத்திருந்தாலும் வாங்கிக்கொள்ளும். வாங்குகிறபோது எந்த வகையில் போடுவது என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பதின்மூன்றும் வகையற்றவற்றோடு போய் விழுந்து, பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

வருகிற ஞாயிறு அட்டனுக்கு வருகிறேன், காலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற சாப்பாட்டுக் கடையில் இருப்பேன். சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள்.